அரிசி டப்பாவுக்குள் போன்

என் பெரியம்மா உல்பாலா தன் போனை அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்தாள்.

நாடு நாடாகச் சுற்றிவிட்டு நான் எங்கள் நகரமான கிசிலோர்டாவுக்குத் திரும்பி, அவள் வீட்டு சோபாவில் படுக்க ஆரம்பித்த முதல் காலையிலேயே அந்தச் சத்தத்தைக் கேட்டேன். சமையலறை அலமாரிக்குள் ஏதோ பிராணி மாட்டிக்கொண்டு பிறாண்டுவது போல இருந்தது. எலி என்று நினைத்து விளக்குமாற்றோடு ஓடினேன். பெரியம்மா பாதி உரித்த உருளைக்கிழங்கைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றிருந்தாள்.

"தொடாத. தானா நின்னுடும்."

நின்றது. ஒரு மூச்சு விடுவதற்குள் மறுபடியும் பிறாண்ட ஆரம்பித்தது.

"யாரு பெரியம்மா?"

"கடன்காரங்க."

"எடுத்து ரெண்டு வார்த்தை திட்டிட்டு வச்சிட வேண்டியதுதானே?"

"எடுத்தா உள்ள வந்துடுவாங்கடி," என்றாள், போன் வழியாக ஓர் ஆள் வீட்டுக்குள் நுழைந்துவிட முடியும் என்பது போல.

எனக்குத் தெரிந்த உல்பாலா இவள் இல்லை. ரயில் நிலையத்துப் படுக்கை விரிப்புக் கிடங்கில் முப்பது வருடமாக வேலை பார்ப்பவள். ஓடும் பெட்டிகளுக்கு விரிப்பும் தலையணை உறையும் துண்டும் எண்ணிக் கொடுத்து, திரும்பி வரும்போது எண்ணி வாங்குவாள். ஒரு துண்டு குறைந்தாலும் பெட்டிப் பணியாளைப் பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி வாங்கு வாங்கென்று வாங்குவாள். ரயில் பழுது பார்க்கும் வேலையிலிருந்த பெரியப்பா செத்தபோதும், அடுத்த வாரமே கிடங்கில் நின்று கத்தினாள். அந்தக் குரல் இப்போது எங்கோ போய்விட்டது. தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு வாயசைவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். மாடிப்படியில் விளக்கைப் போடாமல் ஏறினாள். பேருந்தில் யாராவது ஆண்பிள்ளை இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தே வந்தாள்.

எல்லாம் ஒரு கல்யாணத்தில் ஆரம்பித்தது. ஒரே மகன் எர்சினுக்குப் பெண் எடுத்த இடம் கொஞ்சம் பெரிய இடம். சம்பந்தி அம்மா ரைஹான், பெண் பார்க்கப் போன அன்றே பெரியம்மாவின் தோளில் ரோமக் கழுத்து வைத்த கோட்டைப் போர்த்திவிட்டாள். எங்களில் போர்த்தியதற்குக் குறைவாகத் திருப்பிப் போர்த்த முடியாது. கூட வந்த சித்திக்கும் அத்தைக்கும் மாமன்மாருக்கும் போர்த்த வேண்டும். மண்டபம், பாட்டுக்காரர்கள், குதிரைக் கறி. வங்கிக் கடன் பாதி வழியிலேயே தீர்ந்துபோக, மீதிக்குப் போனிலேயே கடன் தருகிற ஆட்களிடம் போனாள். அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பினால் தேநீர் கொதிப்பதற்குள் பணம் வந்துவிடும். ஒன்றை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க மற்றொன்று. மகன் அக்தாவில் எண்ணெய் வயலில் வேலை பார்க்கிறான். அவனுக்கும் மருமகளுக்கும் இது எதுவும் தெரியாது.

கடைசியில் நீதிமன்றத்துக்குப் போனாள். அவர்கள் ஒரு திட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள். மாதாமாதம் சம்பளத்தில் ஒரு பங்கை நிதி மேலாளர் பெயரில் கட்ட வேண்டும், அவர் எல்லாக் கடன்காரர்களுக்கும் முறைப்படி பிரித்துக் கொடுப்பார், ஐந்து வருடத்தில் கணக்கு முடியும். அதுவரை யாரும் அவளை நேரில் கேட்கக் கூடாது. வீடும் அவள் கையை விட்டுப் போகாது.

மேலாளர் தோலெகென் என்கிற இளைஞர். எப்போதும் எங்கோ கிளம்பிக்கொண்டிருப்பவர் மாதிரி பேசுவார்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணுதான். வெளியில ஒருத்தனுக்கும் ஒரு டெங்கே குடுக்காதீங்க. ஒருத்தனுக்குத் தனியாக் குடுத்தீங்கன்னு தெரிஞ்சா மத்தவன் எல்லாம் கோர்ட்டுக்கு ஓடுவான். திட்டம் கவுந்துடும். அப்புறம் வீடு ஏலத்துக்குத்தான் போகும், நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"வீட்டுக்கே வந்துட்டா என்ன தம்பி செய்றது?"

"கதவைத் திறக்காதீங்க. திறந்துட்டீங்கன்னா பேரைக் கேளுங்க, கம்பெனிப் பேரைக் கேளுங்க, எனக்கு அனுப்புங்க. அவ்வளவுதான். உக்கார வச்சு சோறு போட்டுறாதீங்க."

"சேச்சே," என்றாள் பெரியம்மா.

வங்கி அடங்கிவிட்டது. போன் கடன்காரர்களில் ஒருவர் மட்டும் அடங்கவில்லை. அவர்கள் அந்தக் கடனை ஒரு வசூல் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். நீதிமன்றத் திட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று அந்தக் கம்பெனி சாதித்தது. அது பொய், அவர்கள் பங்கும் திட்டத்தில்தான் இருக்கிறது, வரிசையில் நிற்கப் பிடிக்காமல் முந்தப் பார்க்கிறார்கள் என்றார் தோலெகென். பெரியம்மாவுக்கும் அது புரிந்தது. ஆனால் கடன் வாங்கும்போதே அவள் போனிலிருந்த எல்லா எண்களும் அவர்கள் கைக்குப் போயிருந்தன. ஒரு நாள் தேன் ஒழுகும் குரலில் ஒரு பெண் கேட்டிருக்கிறாள்: "ரைஹான்னு ஒரு நம்பர் இருக்கே, அவங்க உங்களுக்கு யாரு மேடம்?"

பெரியம்மா செய்த தப்பு, பதில் சொன்னது. "ஐயோ, சம்பந்திகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கம்மா." எங்கே அழுத்தினால் வலிக்கும் என்று அவளே தொட்டுக் காட்டிவிட்டாள். அதன் பிறகு ஒவ்வொரு அழைப்பும் அங்கேதான் அழுத்தியது.

சம்பந்தி அம்மாவோ இலையுதிர் காலத்திலிருந்து பெரியம்மாவின் போனை எடுப்பதில்லை. வசந்த விருந்துக்கும் கூப்பிடவில்லை. "பெரிய குடும்பம், ஆயிரம் வேலை இருக்கும்," என்று பெரியம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மண்காற்று அடித்தது. எதிர் வீட்டுக் கூரைகூடத் தெரியாத அளவுக்கு ஜன்னல் மஞ்சளாகிக் கிடந்தது. பெரியம்மா பவுர்சாக் பொரித்துக்கொண்டிருந்தாள். எண்ணெயில் உப்பும் அந்தச் சின்ன ரொட்டி உருண்டைகளின் வாசனைதான் அந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே தைரியம். அப்போது கதவு தட்டப்பட்டது.

வேண்டாம் என்று நான் தலையை ஆட்டினேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மறுபடி தட்டினார்கள். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வீட்டுல யாராவது பெரியவங்க இருக்கீங்களா?" என்றது ஒரு குரல். பிறகு இருமல். இருமி முடித்து, "மண்ணு தொண்டைக்குள்ள போயிடுச்சு. ஒரு வாய் தண்ணி கிடைக்குமா?"

"திறக்காத," என்று கிசுகிசுத்தேன்.

"தண்ணி கேக்குறான்டி," என்றாள் பெரியம்மா. முகமெல்லாம் பயம். கால்கள் மட்டும் கதவைப் பார்த்துப் போயின.

திறந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். மெலிந்த கழுத்தில் டை, கக்கத்தில் ஒரு கோப்பு. கோப்பின் மேல் அந்தக் கம்பெனியின் முத்திரை. பெரியம்மா அதைப் பார்த்துவிட்டாள். வாசற்படிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று பேசுவது எங்களில் ஆகாது, எதையும் படி தாண்டிக் கொடுப்பதும் ஆகாது. விரட்டவும் அவளுக்கு வாய் வரவில்லை.

"உள்ள வாப்பா," என்றாள். தோலெகென் சொன்னதெல்லாம் மண்காற்றோடு போயிற்று.

அவன் செருப்பைக் கழற்றினான். காலுறையில் ஓட்டை. பெருவிரலை மடக்கி மறைத்துக்கொண்டான். தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான்.

"என் பேரு மெய்ராம். எதுக்கு வந்திருக்கேன்னு உங்களுக்கே தெரியும் மேடம்."

"முதல்ல ரொட்டியைத் தொடு," என்றாள் பெரியம்மா. வந்தவன் ரொட்டியில் ஒரு துண்டாவது வாயில் வைக்காமல் பேச்சே கிடையாது. அவன் ஒரு பவுர்சாக்கை எடுத்தான். சூடு. இன்னொன்றை எடுத்தான். அவள் தேநீர் ஊற்றினாள். கிண்ணத்தில் பாதி கூட ஊற்றவில்லை, மரியாதைக்குரிய விருந்தாளிக்கு அப்படித்தான் சிறுகச் சிறுக ஊற்ற வேண்டும். கிண்ணம் தட்டின் மேல் கடகடவென்று ஆடியது.

"சோறு போட்டுறாதீங்கன்னு ஒருத்தர் சொன்னாரு," என்றேன் நான்.

"இது சோறு இல்லை, தேநீர்," என்றாள் பெரியம்மா, என்னைப் பார்க்காமல்.

அவன் மனப்பாடம் செய்ததைச் சொல்ல ஆரம்பித்தான். கடைசி எச்சரிக்கை, கூடுதல் தொகை, உறவினர்களுக்குத் தகவல். கண்ணை மேஜையிலேயே வைத்திருந்தான். பெரியம்மா ஒவ்வொரு சொல்லுக்கும் சிறிதாகிக்கொண்டே போனாள். நான் குறுக்கே பேசினேன். "இது கோர்ட்டுல இருக்கு. உங்க கம்பெனிப் பேரு, உங்க முழுப்பேரு சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"நீங்க யாரு?"

"இவங்க தங்கச்சி மக."

"அப்ப உங்க நம்பரையும் குடுங்க, சேர்த்துக்கறோம்," என்று சிரித்தான். வெளிநாட்டு எல்லைகளில் துப்பாக்கி வைத்திருந்தவர்களிடம் கூட நான் இப்படி வாயடைத்து நின்றதில்லை.

அந்த அமைதியில் பெரியம்மா, தன் மேஜையில் சாப்பிடுகிற எவரிடமும் கேட்கிறதைக் கேட்டுவிட்டாள். பழக்க தோஷம். "நீ எந்த ஊருப்பா? அம்மா எந்தப் பக்கம்?"

அவனும் யோசிக்காமல் சொல்லிவிட்டான். ஊரைச் சொன்னான், அப்பாவின் குலத்தைச் சொன்னான். அம்மா பெயர் கத்திஷா, அவள் பிறந்தது ஆற்றங்கரையில் இன்ன கிராமம் என்றான்.

பெரியம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"செம்மறி வச்சிருந்த உமிர்பெக்கோட பொண்ணா? பெரிய காது?"

"அது... ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஏய்! அது எங்க ஊருடா! எங்க குலம்! வயல்ல ஒண்ணா நின்னு நெல்லுக்குக் களை பறிச்சிருக்கோம்!" பயம் அவள் முகத்தை விட்டு ஒரு கணம் முழுசாக இறங்கிப் போயிற்று. "அப்படின்னா நீ எங்களுக்கு ஜியேன்!"

எங்கள் குலத்துப் பெண் வேறு குலத்துக்குப் போய்ப் பெற்ற பிள்ளை ஜியேன். தாய்வீட்டுச் சனத்திடம் அவனுக்கு உரிமை அதிகம். மூன்று தடவை வரைக்கும் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக் கூடாது. குதிரைக்குட்டியைக் கேட்டு ஓட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு. நானும் ஜியேன்தான். என் மூன்று தடவையும் பயணச் சீட்டுகளில் எப்போதோ கரைந்துவிட்டது.

மெய்ராம் முகத்தில் ஒரு கணக்கு ஓடுவது எனக்குத் தெரிந்தது. மேஜையில் விரித்து வைத்திருந்த கோப்பை மூடினான்.

"அப்ப நீங்க எனக்குப் பெரியம்மா," என்றான்.

என் சொல் அது. இப்போது அவன் வாயில் இருந்தது.

"பெரியம்மா, நான் ஜியேனாக் கேக்கறேன். முழுசும் வேண்டாம். முப்பதாயிரம் டெங்கே இன்னிக்குக் குடுங்க. நீங்க ஒத்துழைக்கிறீங்கன்னு நான் எழுதிடறேன். சம்பந்தி வீட்டுக்குப் போன் போகாம நான் பார்த்துக்கறேன். முதல் தடவை கேக்கறேன். இல்லைன்னு சொல்லாதீங்க."

பெரியம்மா எழுந்து உள் அறைக்குப் போனாள். பின்னாலேயே ஓடினேன். ரயில்வே முத்திரை போட்ட பழைய தலையணை உறை ஒன்றை அலமாரியிலிருந்து இழுத்தாள். சம்பளம் வந்த அன்றே கார்டிலிருந்து பணத்தை எடுத்து அதற்குள் போட்டுவிடுவாள். திங்கட்கிழமை தோலெகெனுக்குக் கட்ட வேண்டிய தவணை அது.

"பெரியம்மா, வீடு போயிடும்!"

"தெரியும்டி."

"தெரிஞ்சுமா?"

"ஜியேன் வாய் விட்டுக் கேட்டுட்டானே. எங்கம்மா இருந்தா என்ன சொல்லியிருப்பா?" அவள் அலமாரியைச் சாத்தினாள். "அதோட... அவன் ரைஹானுக்குப் போன் பண்ணிட்டா? மருமக முகத்துல நான் எப்படி முழிப்பேன்? இந்த வீடு இருந்து மட்டும் என்ன?"

உறையைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். அவன் கண் அதன் மேல் இருந்தது. அவள் அதை மேஜையில் வைத்தாள். விரல்களை மட்டும் எடுக்கவில்லை.

"குடுக்கறேன். அதுக்கு முன்னாடி உங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடறேன்."

"அதெல்லாம் எதுக்கு பெரியம்மா?"

"எதுக்கா? ஜியேன் வீடு தேடி வந்து சாப்பிட்டிருக்கான், பெத்தவகிட்ட சொல்லாம இருப்பாங்களா? நாளைக்கு அவ காதுக்குப் போனா என்னை என்ன நினைப்பா?"

இதில் எந்தத் தந்திரமும் இல்லை என்று சத்தியம் செய்வேன். அவளுக்கு அது வராது. அவள் அரிசி டப்பாவைத் திறந்து போனைத் தோண்டி எடுத்தாள். எங்கள் ஊர்க்காரர்களின் வாட்ஸப் குழுவில் வெள்ளிக்கிழமை தவறாமல் ரோஜாப் படம் போடுகிற ஒரு கத்திஷா இருக்கிறாள். அந்தப் பெயரை அழுத்தினாள். அரிசி இரண்டொன்று மேஜையில் உதிர்ந்தது.

"வேண்டாம், பெரியம்மா. வைங்க. சொல்றேன்ல, வைங்க!" மெய்ராம் பாதி எழுந்துவிட்டான்.

"கத்திஷா! நான் உல்பாலா. ஆமாடி, நான்தான்! உன் மகன் மெய்ராம் இங்க என் வீட்டுல உக்காந்திருக்கான்!"

போனுக்குள்ளிருந்து ஒரு பெண் கத்தினாள். சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "என் மகனா? அவன் அல்மாட்டில பெரிய பேங்க்ல இல்ல இருக்கான்! கிசிலோர்டா எப்ப வந்தான்? எங்கிட்ட சொல்லலையே! சாப்பிட்டானா? இளைச்சிருக்கானா?"

பெரியம்மா அவனைப் பார்த்தாள். அவன் நின்றுகொண்டிருந்தான். பெருவிரல் காலுறை ஓட்டை வழியாக வெளியே வந்திருந்தது, மறைக்க மறந்துவிட்டான். சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைந்தது: சொல்லிடாதீங்க.

அந்த வார்த்தையை அவள் எத்தனை தடவை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள். தன் முகத்தையே கண்ணாடியில் பார்ப்பது போல அவனைப் பார்த்தபடி நின்றாள்.

"பேங்க் வேலையாத்தான் வந்திருக்கான்," என்றாள் மெதுவாக. "டை எல்லாம் கட்டியிருக்கான். கொஞ்சம் இளைப்புத்தான். பவுர்சாக் சாப்பிட்டான்."

"இரு, அவன்கிட்ட குடு. இல்ல வேண்டாம், அவனுக்கு வேலை இருக்கும். உல்பாலா, வெறுங்கையோட அனுப்பிடாதடி, ஜியேன்!"

"அனுப்பமாட்டேன். கேட்டிருக்கான்."

"என்ன கேட்டான்?"

அவன் கண்களை மூடிக்கொண்டான். பெரியம்மாவின் விரல்கள் தலையணை உறையின் மேல் அப்படியே இருந்தன.

"இன்னொரு தட்டு பவுர்சாக்," என்றாள்.

கத்திஷா சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது.

பெரியம்மா போனை வைத்தாள். யாரும் உட்காரவில்லை. வெளியே காற்று ஜன்னலில் மண்ணை அள்ளி எறிந்துகொண்டிருந்தது. பிறகு அவள் பவுர்சாக்குகளை ஒரு பையில் போட்டுக் கட்டினாள். முடிச்சுப் போட மூன்று தடவை முயன்றாள். அவனிடம் நீட்டினாள்.

"கேட்டதைக் குடுத்துட்டேன்."

"பெரியம்மா, நான் பணத்தோட போகலைன்னா வேற ஒருத்தனை அனுப்புவாங்க," என்றான் அவன். மிரட்டலாகச் சொல்லவில்லை. "எனக்கும் அவங்ககிட்ட கடன் இருக்கு. அதுக்குத்தான் இந்த வேலை."

"அனுப்பட்டும்."

"அம்மாகிட்ட..."

"நீ என் சம்பந்திகிட்ட சொல்லாத. நான் உங்கம்மாகிட்ட சொல்லலை."

செருப்பைப் போட்டுக்கொண்டு போனான். கோப்பை மறந்துவிட்டு, பாதிப் படியிலிருந்து ஓடி வந்து எடுத்துக்கொண்டு போனான். பெரியம்மா எல்லாப் பூட்டையும் போட்டாள். பிறகு சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து, விரிப்பு மூட்டை சரிவது போலச் சரிந்து அழுதாள். நான் தலையணை உறையை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தேன்.

சாயங்காலம் அழுகை ஓய்ந்ததும் அவளே போனை எடுத்தாள். "யாருக்கு?" என்றேன். பதில் சொல்லவில்லை. ரைஹான் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள், எடுக்கவில்லை. அப்புறம் என் போனை வாங்கி அடித்தாள். உடனே எடுத்தார்கள்.

"சம்பந்தி, நான் உல்பாலா. வச்சிடாதீங்க. எனக்குக் கடன் இருக்கு. கோர்ட்டுல திட்டம் போட்டுக் கட்டிட்டு வரேன். வசூல்காரங்க உங்களுக்குப் போன் பண்ணுவாங்க. அவங்க சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடணும்னு..."

நானும் போனோடு காதை ஒட்டிக்கொண்டேன்.

"இலையுதிர் காலத்துலயே பண்ணிட்டாங்க சம்பந்தி," என்றாள் ரைஹான். குரல் சங்கடமாக இருந்தது. "நீங்க எங்ககிட்ட பணம் கேட்டுடுவீங்களோன்னுதான் நான் போனை எடுக்கலை. எங்க வீட்டுலயும் அந்தக் கல்யாணக் கடன் இன்னும் தீரலை. அந்த ரோமக் கோட்டு தவணைல எடுத்தது."

பெரியம்மா எனக்குக் கேட்கும்படி மூச்சு விட்டாள். சிரிப்பா அழுகையா தெரியவில்லை.

திங்கட்கிழமை நாங்கள் இருவரும் போய்த் தவணையைக் கட்டினோம். நடந்ததைக் கேட்ட தோலெகென் தலையில் அடித்துக்கொண்டார். "உக்கார வச்சுப் பலகாரம் போட்டிருக்கீங்க! சரி, கம்பெனி மேல புகார் எழுதறேன். வந்தவன் பேரு என்ன?"

"மறந்துட்டேன் தம்பி," என்றாள் பெரியம்மா.

புகார் போனது. போன் மட்டும் நிற்கவில்லை. புதுப் புதுக் குரல்கள். ஒவ்வொரு தடவை அது பிறாண்டும்போதும் அவள் இப்போதும் திடுக்கிடுகிறாள், கையிலிருப்பது கீழே விழுகிறது. நேற்று சமையலறையில் இருந்தபோது மறுபடி அடித்தது. டப்பாவைத் திறந்து எடுத்தாள். அரிசி அவள் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. காதில் வைத்து, அந்தப் பக்கம் அதட்டல் முடியும் வரை கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள்.

"கேட்டேன்ப்பா," என்றாள். "நீ எந்த ஊரு? உங்கம்மா பேரு என்ன?"

அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.